மாசி வீதி பதில்கள்: சித்திரைத் திருவிழா ஸ்பெஷல்

பங்குனி பாதி தாண்டினால் போதும், இந்தப் பகுதிக்கு வருகிற கேள்வியில் முக்கால்வாசி திருவிழாவைப் பற்றித்தான். கடன், மாமியார், பிள்ளை படிப்பு என்று எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கேள்விகள் அடுத்த இதழில். இந்தத் தடவை முழுக்க மதுரை மீனாட்சிக்கும் அழகர்மலைப் பெருமாளான அழகருக்கும்தான்.

கேள்வி: டிவியில்தான் சித்திரைத் திருவிழாவைப் பார்த்திருக்கிறேன். ஆபீஸில் ரெண்டு நாள் லீவுதான் கிடைக்கும். எந்த ரெண்டு நாள் வரலாம் அண்ணே? (வாசகர், கோவை)

லீவு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் இதை ஒரே திருவிழா என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள், உண்மையில் இரண்டு கோயில், இரண்டு கணக்கு. மீனாட்சி கோயிலில் கொடியேறி எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினொன்றாம் நாள் தேர். அழகர்கோவிலில் இருந்து கிளம்புகிற அழகருக்குச் சித்ரா பௌர்ணமிதான் கணக்கு, அன்று விடியலில் வைகையில் இறங்கியாக வேண்டும். இந்த இரண்டும் சில வருடம் ஒட்டி வரும், சில வருடம் தள்ளிப் போகும். 2024இல் ஏப்ரல் 22 தேர், மறுநாள் விடியலிலேயே அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். 2025இல் தேர் மே 9, அழகர் ஆற்றில் இறங்கியது மே 12. 2024 மாதிரி வருடம் என்றால் ரெண்டு நாள் லீவில் தேர், அழகர் இரண்டையும் பார்த்துவிடலாம். தள்ளிப் போகிற வருடம் என்றால் ஒன்றைத்தான் பார்க்க முடியும்.

எதை என்று கேட்டால் என் ஓட்டு எதிர்சேவைக்கு, ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் மதுரைக்காரர்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்பது. ஆற்றில் இறங்குகிற காட்சி சில நிமிடத்தில் முடிந்துவிடும், அதுவும் எட்டத்தில் நின்றுதான் பார்க்க முடியும். எதிர்சேவை அப்படி இல்லை. மூன்றுமாவடியில் இருந்து தல்லாகுளம் வரைக்கும் நாள் முழுக்க நடக்கும், அழகர் ஒவ்வொரு மண்டபமாக நின்று நின்று வருவார், நீங்கள் பாட்டுக்கு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தால் அவரே உங்கள் முன்னால் வந்து நிற்பார். கையில் பித்தளைச் செம்பு, உள்ளே நாட்டுச் சர்க்கரை, வாயை வாழை இலையால் கட்டி அதன் மேல் சூடம் ஏற்றி, பெண்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். பூஜை முடிந்ததும் அந்தச் சர்க்கரையைப் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள் கையில் அள்ளிப் போடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், வாங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

தேர்தான் பார்ப்பேன் என்றால் விடிவதற்கு முன்னாலேயே கீழமாசி வீதிக்கு வந்துவிடுங்கள். கூட்டம் எல்லாம் தேர்முட்டியில்தான் முண்டும். நீங்கள் விளக்குத்தூண் முக்கில் நில்லுங்கள், தேர் முதல் திருப்பம் திரும்புகிற இடம். அங்கே கோபுரத்தைப் பார்க்காமல் கீழே சக்கரத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே கட்டை போடுகிற ஆட்கள் நடந்து வருவார்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இழுத்தாலும் தேர் நிற்பதும் திரும்புவதும் இவர்கள் கையில்தான். சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சொருகி எடுக்கிற அந்த நொடியில் மரம் தேய்ந்து கருகிய வாடை வரும். எந்த லைவிலும் அது வராது.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, முட்டி வலி. பேத்திக்கு 5 வயது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தே ஆகணும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். கூட்டிக்கொண்டு போகலாமா? (வாசகி, தேனி)

ஆற்றுக்கு வேண்டாம்மா. சாமி விஷயத்தில் மழுப்பிப் பேசக் கூடாது என்பதால் நேராகவே சொல்கிறேன். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை, எல்லாம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. 2022இல் திரும்ப வந்தபோது ரெண்டு வருட ஏக்கமும் சேர்ந்து கூட்டம் குவிந்து, நெரிசலில் இரண்டு பேர் உயிர் போனது. அதற்குப் பிறகு தடுப்பு, வழி என்று நிறைய மாற்றியிருக்கிறார்கள். இருந்தாலும் ஆழ்வார்புரம் கரையில் இரவு மூன்று மணிக்கே இடம் பிடித்து நிற்க முட்டி வலிக்காரரால் முடியாது. நடுவில் ஒன்றுக்கு வந்தால்கூட வெளியே வர முடியாது, வந்தால் திரும்பப் போக முடியாது.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆற்றில் இறங்குகிற அதே அழகர், அதே தங்கக் குதிரையில் அன்றைக்கு முழுக்க ஊருக்குள்தான் இருக்கிறார். ஆற்றில் இருந்து ராமராயர் மண்டபம் போவார், அங்கிருந்து இரவில் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போவார். வண்டியூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீடு ஏதாவது இருந்தால் திண்ணையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தே காட்டிவிடலாம். அதுவும் இல்லையென்றால் பூப்பல்லக்கு, அழகர் பூ அலங்காரப் பல்லக்கில் மலைக்குத் திரும்பக் கிளம்புவது. தல்லாகுளம் சேதுபதி மண்டபத்தில் இருந்து கிளம்பும், கூட்டம் இருக்கும், ஆனால் ஆற்றங்கரை மாதிரி மூச்சு முட்டாது.

பேத்தி விஷயம். பாக்கெட்டில் சீட்டு வைப்பது உதவாது, சட்டை நனைந்தால் சீட்டும் போச்சு. முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். புதுச் செருப்பு, கொலுசு, தங்கத் தோடு மூன்றும் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பசங்க, எல்லாரும் சென்னையில் ஐடி வேலை. சேர்ந்து பணம் போட்டுத் திருவிழாவில் அன்னதானம் பண்ணலாம் என்று முடிவு. எங்கே, எப்படி ஆரம்பிப்பது? (நண்பர்கள் சார்பில் ஒரு வாசகர், சென்னை)

வாழ்த்துகள் தம்பிகளா. முதல் கேள்வி நான் கேட்கிறேன்: தல்லாகுளத்தில் பேனர் கட்டிக் கொடுக்க ஆசையா, இல்லை பசித்தவனுக்குக் கொடுக்க ஆசையா? பேனர்தான் என்றால் கேட்டரிங்காரர் ஒருவருக்குப் போன் போட்டால் முடிந்தது, நான் எதற்கு?

ரெண்டாவது என்றால் கேளுங்கள். எதிர்சேவை அன்று மத்தியானம் அழகர்கோவில் சாலையில் நூறடிக்கு ஒரு பந்தல் இருக்கும். நீர்மோர், பானகம், புளியோதரை, தக்காளி சாதம், சுண்டல், விசிறி என்று கையில் திணிப்பார்கள். ஒரு வீதியைக் கடப்பதற்குள் வயிறு நிரம்பிவிடும், நிரம்பியவன் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்குவான், அடுத்த முக்கில் வைத்துவிட்டுப் போவான். இதே மதுரையில், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கி முடித்து காலை ஒன்பது, பத்து மணிக்கு, ராத்திரி முழுக்கக் கண் விழித்த கூட்டம் கோரிப்பாளையத்தில் இருந்து மாட்டுத்தாவணிக்கும் சிம்மக்கல் பக்கம் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்தே போகும். பஸ் எல்லாம் திருப்பிவிடப்பட்டிருக்கும், அக்கினி வெயில், தோளில் தூங்குகிற பிள்ளை. அந்த நேரத்தில் பாதிப் பந்தல் காலி அண்டாவோடு நிற்கும், கொடுத்தவர்களும் அசந்து படுத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் உங்கள் இடம் அதுதான், உங்கள் நேரம் அதுதான். இன்னொரு நேரமும் உண்டு. எதிர்சேவை முடிந்து அழகர் ஆற்றில் இறங்குகிற வரைக்குமான ராத்திரி, கிராமத்தில் இருந்து வந்தவர்கள் தமுக்கம் பக்கமும் கரையோரமும் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். இரவு பதினோரு மணிக்கு அங்கே சூடாக ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொண்டுபோய்ப் பாருங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். அன்னதானம் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். ரோட்டில் பந்தல் போட வேண்டுமானால் போலீஸ், மாநகராட்சி இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள், அப்போது அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். உள்ளூரில் வருடா வருடம் பந்தல் போடுகிற தெருக்காரர்கள் யாரோடாவது சேர்ந்துகொண்டால் இந்த அலைச்சலில் பாதி குறையும். அவர்களுக்கும் ஆள் பலம் தேவைதான், அதுவும் பாத்திரம் கழுவ.

ரோட்டில் அடுப்பு வைக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் சிலிண்டர் ஒரு பயம், கொதிக்கிற அண்டா இன்னொரு பயம். ஏதாவது மண்டபத்தில் சமைத்துக் கொண்டுவாருங்கள். என்ன சமைப்பது என்றால் புளியோதரையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. புளியும் நல்லெண்ணெயும் இருப்பதால் வெயிலில் தாங்கும். தயிர் சாதம் மதியம் புளித்துவிடும், தேங்காய் சாதம் அதற்கும் முன்னாலேயே போய்விடும். சாதம் வடித்து ஆறவிடாமல் மூடி வைத்தால் புளியோதரையும் ஊசிப்போகும், ஆகவே தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டுக் கிளறுங்கள். ஒரு கிலோ அரிசிக்குத் தொன்னையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாக வையுங்கள், இன்னும் வேண்டும் என்றால் திரும்ப வரட்டும், அள்ளி வைத்தால்தான் குப்பைக்குப் போகிறது.

நீர்மோருக்கு வருவோம், ஏனென்றால் பணம் குறைச்சலாக இருந்தால் அதுதான் சரியான தானம். ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணீர், இஞ்சியும் பச்சை மிளகாயும் நசுக்கி, கொத்தமல்லி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. உப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள், வியர்த்துக்கொட்டியவனுக்கு அதுதான் வேண்டும். தண்ணீர்தான் முக்கியம். கேன் தண்ணீர் வாங்குங்கள், இல்லையென்றால் காய்ச்சி ஆறவையுங்கள். லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றினால் புண்ணியத்தோடு வயிற்றுப்போக்கையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. ஐஸும் அப்படித்தான். மீன் பெட்டிக்குப் போடுகிற பாளம் ஐஸை உடைத்துச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அண்டாவுக்குள் போடுகிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். குளிர்ச்சி வேண்டும் என்றால் ஐஸை அண்டாவுக்கு வெளியே சுற்றிவர வையுங்கள், இல்லையென்றால் மண் பானையில் ஊற்றி வையுங்கள்.

எதில் கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடை, உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் சேர்த்தி. நிறையப் பேருக்கு இந்தக் கடைசி விஷயம் தெரியாது, பேப்பர்தானே என்று வாங்கிவிடுகிறார்கள். எவர்சில்வர் டம்ளர் வைத்து அண்ணாந்து குடிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் யாருக்கும் அது புதிதில்லை. சாதத்துக்குப் பாக்கு மட்டைத் தொன்னை, இல்லையென்றால் வாழை இலை.

கடைசியாக ஒன்று, இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம்: இருநூறடிக்கு ஒரு சாக்கைக் கட்டி, அதன் பக்கத்தில் உங்களில் ஒருவர் நில்லுங்கள். சாக்கு மட்டும் வைத்தால் யாரும் போட மாட்டார்கள். ஆள் நின்று "இங்க போடுங்கம்மா" என்றால் போடுவார்கள்.

கேள்வி: வருடா வருடம் சோற்றை வாங்கி ரோட்டில் கொட்டுகிறார்கள். மறுநாள் காலையில் மதுரை வீதியைப் பார்க்கச் சகிக்கவில்லை. இதுவா தானம்? இந்தக் காசில் நாலு பிள்ளையைப் படிக்கவைக்கலாமே? (வாசகர், உசிலம்பட்டி)

முதல் பாதிக்கு நான் உங்கள் கட்சி. இரண்டாவது பாதிக்கு இல்லை.

வீணடிப்பு உண்மைதான், நாற்றமும் உண்மைதான். அதைக் கூட்டி அள்ளுகிற தூய்மைப் பணியாளர்கள் ராத்திரியும் பகலும் தெருவில்தான் நிற்கிறார்கள், அவர்கள் கைக்கு இந்தப் பந்தல்களில் இருந்து ஒரு தொன்னை போய்ச் சேருவதே அபூர்வம். குப்பை அள்ளுகிற கையோடு வரிசையில் வந்து நிற்கக் கூச்சப்படுவார்கள், கொடுக்கிறவர்களும் கூப்பிட மாட்டார்கள். மேலே சென்னைத் தம்பிகளுக்கு எழுதியதில் இதை விட்டுவிட்டேன், அவர்களும் படித்துக்கொள்ளட்டும். முதல் பங்கை எடுத்து வைத்து, அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், சோப்பும் தண்ணீரும் சேர்த்து.

ஆனால் படிக்கவைக்கலாமே என்கிற கணக்கு எனக்கு ஒத்துவராது. அழகருக்கு விசிறி வாங்கி வீசிக் கொடுக்கிற ஆயா வீட்டில் அந்த அம்பது ரூபாய் மிச்சமானால் அது ஸ்கூல் ஃபீஸுக்குப் போகாது சார். வருடம் முழுக்க அடுத்தவரிடம் வாங்கியே பழகியவர், அன்றைக்கு ஒரு நாள் கொடுக்கிறவராக நிற்கிறார். காது குத்து, மொட்டை, நேர்த்திக்கடன் என்று ஆற்றங்கரைக்கு வருகிற குடும்பம் ஒன்று, பத்துப் படி அரிசியில் பொங்கி வருகிறவர் போகிறவருக்கு எல்லாம் கொடுப்பதை நின்று பாருங்கள். வாங்குகிறவர் அவர்களைவிட வசதியான ஆளாகக்கூட இருப்பார். நீங்கள் படிக்கவைக்க வேண்டும் என்றால் தாராளமாகப் படிக்கவையுங்கள், அதற்கு அழகர் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லையே.

கேள்வி: மண்டகப்படி என்கிறார்களே, அது என்ன? பணம் கட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்குமா? (வாசகி, திருச்சி)

அழகர் மலையில் இருந்து மதுரைக்கும் அப்புறம் வண்டியூருக்கும் போய்த் திரும்புகிற வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டபங்களில் எழுந்தருள்கிறார். சில கல் மண்டபம், சில வீட்டு முன்னால் போடுகிற தென்னங்கீற்றுக் கொட்டகை. அந்த இடத்தில் பூஜையும் வருகிறவர்களுக்கு உபசாரமும் செய்கிற உரிமையும் பொறுப்பும்தான் மண்டகப்படி. குடும்பம், சமூகம், வியாபாரிகள் சங்கம் என்று பல பேரிடம் வழிவழியாக இருக்கிறது. புதிதாகக் கேட்கிறவர்கள் அழகர்கோவில் நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். நடுவில் யாராவது "நான் வாங்கித் தருகிறேன்" என்று வந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த அழகர், லேட் ஆகிவிட்டதால் கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டார் என்று பாட்டி சொல்வார். உண்மையா ஐயா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பாட்டி சொன்னது ஊரே சொல்கிற கதைதான், மதுரையில் பாதிப் பேருக்கு அதுதான் தெரியும். கோயில் வழக்கத்தைப் பார்த்தால் வேறு. மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பது திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். முருகனும் தெய்வானையும் அவரும் கல்யாணத்துக்கு அங்கிருந்து வந்துவிடுகிறார்கள். ஆக அண்ணன் இல்லாமல் கல்யாணம் நடக்கவில்லை. அழகர் வருவது மண்டூக முனிவருக்காக. துர்வாசர் சாபத்தால் தவளையாகிப்போன சுதபஸ் முனிவர் வைகையில் தவம் கிடக்க, அவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார். அது ஆற்றில் இறங்கிய மறுநாள், தேனூர் மண்டபத்தில், கருட வாகனத்தில் நடக்கும். டிவிக்காரர்கள் அதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவதால் வெளியூரில் தெரிவதில்லை.

மண்டபம் வண்டியூர்ப் பக்கம், பேர் மட்டும் எங்கேயோ மேற்கே இருக்கிற தேனூர். காரணம், ஒரு காலத்தில் அழகர் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகரையும் மதுரைக்கு வரவழைத்து இரண்டையும் சேர்த்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். சைவம் ஒரு பக்கம், வைணவம் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம், நகரம் ஒரு பக்கம் என்று இருந்ததை ஒரே வாரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். சந்தைக்கும் நல்லது, ராஜாவுக்கும் நல்லது. பாட்டியிடம் இதையெல்லாம் சொல்லிச் சண்டை போடாதீர்கள். கோபித்துக்கொண்டு போகிற அண்ணன் கதைதான் எனக்கும் பிடிக்கும்.

கேள்வி: போன வருடம் யாரோ பம்பு வைத்துத் தண்ணீர் அடித்ததில் என் போன் போய்விட்டது. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லையா? (வாசகர், விருதுநகர்)

கேட்டிருக்கிறார்கள். பிரஷர் பம்பு வைத்து அடிக்கக் கூடாது, ரசாயனம் கலந்த தண்ணீர் கூடாது, பழைய மாதிரி தோல் பையில் பீய்ச்ச வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே சொல்லியிருக்கிறது. ஆட்டுத் தோலில் தைத்த அந்தத் துருத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு, விரதம் இருந்து, கருப்பசாமி வேடத்தில் வருகிறவர்கள் விடுகிற தண்ணீர் மெல்லிய நூலாக வந்து விழும். மலையில் இருந்து வெயிலில் வந்த அழகரைக் குளிர்விக்கத்தான் அந்தத் தண்ணீர். பம்புக்காரர்கள் அழகரை எங்கே குளிர்விக்கிறார்கள், சாமியையும் பட்டரையும் நகையையும் சேர்த்துத்தான் அடிக்கிறார்கள். ராமராயர் மண்டபம் பக்கம் போனால் எப்படியும் நனைவீர்கள், அதனால் போனை ஜிப் கவரில் போட்டு உள்பையில் வையுங்கள். வீடியோ எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: திருக்கல்யாண விருந்தில் வெளியூர்க்காரர்கள் சாப்பிடலாமா? மொய் எழுதணுமா? டிக்கெட் இல்லாமல் கல்யாணம் பார்க்க முடியுமா? (வாசகி, ஈரோடு)

சாப்பிடலாம், கல்யாண வீட்டில் ஊர் என்ன ஊர். வடக்குவெளி வீதியில் சேதுபதி பள்ளியில் விருந்து நடக்கும். அதைவிட நான் உங்களை வரச் சொல்வது முதல் நாள் ராத்திரிக்கு. காய்கறி நறுக்க ஊரில் இருந்து பெண்கள் வீட்டு அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கத்தரிக்காயும் பூசணியும் மலையாகக் கிடக்கும், பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் ஓடும். யார் நீங்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள்.

மொய் கட்டாயம் இல்லை. ஆனால் மீனாட்சி கல்யாணத்துக்கு மொய் எழுதுவதை மதுரைக்காரர்கள் நிஜக் கல்யாணம் மாதிரியே எடுத்துக்கொள்வார்கள், பேர் சொல்லிப் பணம் கொடுத்து ரசீது வாங்கி, அதை பீரோவில் பத்திரமாக வைப்பார்கள். கல்யாணம் பார்க்கச் சமீப வருடங்களில் 500, 200 ரூபாய் டிக்கெட்டை முன்பதிவில் கொடுக்கிறார்கள், இலவசமாகத் தெற்குக் கோபுரம் வழியாகவும் விடுகிறார்கள், அதற்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே போக முடியாதவர்கள் மனம் விட வேண்டாம், சித்திரை வீதிகளில் பெரிய திரை வைப்பார்கள். மங்கல நாண் ஏறும் நேரத்தில் அங்கே நிற்கிற பெண்களும் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள், புது மஞ்சள் கயிற்றை ஒருத்தருக்கு ஒருத்தர் இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பூட்டுகிற ஊசி மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் முஸ்லிம். கூட வேலை செய்கிற அக்கா கூப்பிடுகிறார். வரலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா? (வாசகி, மேலப்பாளையம்)

தாராளமாக வாங்க. அழகர் வருகிற வழியில் கோரிப்பாளையம் இருக்கிறது, அங்கே தர்கா இருக்கிறது, அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் நீர்மோர் கொடுப்பதும் உண்டு. பெருமாள்மேல் அன்பு வைத்த முஸ்லிம் பெண்ணாகச் சொல்லப்படுகிற துலுக்க நாச்சியார் கதையையும் வண்டியூரில் கேட்கலாம். தெருவில் நிற்பதற்கு யாரும் சாதி, மதம் கேட்க மாட்டார்கள், அந்தக் கூட்டத்தில் கேட்க நேரமும் கிடையாது. பருத்தித் துணி போட்டு வாங்க, அக்காவின் கையை விடாதீங்க.

கேள்வி: எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. ஆனால் அழகரைப் பக்கத்தில் பார்க்க ஆசை. ஏதாவது வழி உண்டா? (வாசகர், திண்டுக்கல்)

உண்டு, ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் வழி அடைத்துவிடும் என்பதால் சத்தமில்லாமல் சொல்கிறேன். எல்லாரும் அழகர் வருவதைத்தான் பார்க்கிறார்கள், திரும்பிப் போவதைப் பார்க்க ஆள் குறைவு. பூப்பல்லக்கு முடிந்து அதே அழகர்கோவில் சாலையில் மலைக்குப் போவார், பின்னாலேயே உண்டியல் வண்டிகள் உருண்டு போகும். மூன்றுமாவடி தாண்டினால் கூட்டம் இறங்கிவிடும். கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி பக்கம் போய் நின்றீர்கள் என்றால் பட்டர் முகம், மாலை, பட்டுக் கரை வரைக்கும் தெரியும். அங்கே வீட்டுக்காரர்களே வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருப்பார்கள், நின்றால் உட்காரச் சொல்லி ஒரு செம்பு மோரும் கொடுப்பார்கள். திண்டுக்கல்லில் இருந்து ஆரப்பாளையம் வந்து இறங்கி, மாட்டுத்தாவணி போய், அழகர்கோவில் டவுன் பஸ் ஏறுங்கள். அன்றைக்கு பஸ் எந்த நேரத்தில் எந்த வழியாகப் போகிறது என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள், சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள்.